கார்டுல இருந்த ரத்தம்

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியோட பேரச் சொல்லமாட்டேன். பதுளையிலேருந்து ஒரு பஸ் தூரம், அவ்வளவுதான். பேரச் சொன்னா நாளைக்கே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதுக்குப் பதில் எழுதி, மூணு பிரதி எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பிக்கிட்டு இருக்கணும். எனக்கெதுக்கு அந்த வம்பு?

என் வேலை என்னன்னு எங்க சொந்தக்காரங்களுக்கே சரியாத் தெரியாது. ஆஸ்பத்திரியில வேலைன்னதும் ஊசி போடுறேன்னு நெனச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுல சோத்து இலைக்கு முன்னால கைய நீட்டி "இந்தக் கட்டி என்னான்னு பாரேன்"ம்பாங்க. நான் பார்க்கிறது மனுசங்கள இல்ல, அவங்களோட டிக்கெட்ட. டிக்கெட்டுன்னா பஸ் டிக்கெட் இல்ல. ஒரு நோயாளி வந்தா அவங்க பேரு, வயசு, என்ன வருத்தம், என்ன மருந்துன்னு எல்லாம் எழுதுற தாள் கட்டு. ஆள் வீட்டுக்குப் போனதுக்கப்புறம் அது எங்க ரூமுக்கு வரும். டாக்டர் கிறுக்கினதப் படிச்சு, தலகாணி தடிப்புல இருக்கிற புத்தகத்துல தேடி, அந்த வருத்தத்துக்கு உண்டான நம்பர நான் போடணும். இதத்தான் கோட் போடுறதுன்னு சொல்வோம். தனியார் ஆஸ்பத்திரியில அந்த நம்பரப் பார்த்துத்தான் பில் வரும். எங்க ஆஸ்பத்திரியில பில்லு கிடையாது. ஆனா எந்த ஊர்ல என்ன வருத்தம், எத்தன புள்ளைங்களுக்குன்னு மேலிடத்துக்குத் தெரியிறதே நாங்க போடுற நம்பர வச்சுத்தான்.

பொறந்த புள்ளைங்களுக்கு வர்ற வருத்தமெல்லாம் 'பி' எழுத்துல தொடங்கும், ரத்தத்துக்குச் சொல்ற பி இல்ல, பேப்பருக்கு வர்ற பி. காரணம் தெரியாத மஞ்சள்னா பி ஐம்பத்தொம்பது, அதுக்குப் பின்னால ஒரு புள்ளி, ஒரு ஒம்பது. அந்த நம்பர நான் ஆயிரம் தடவ போட்டிருப்பேன். கண்ண மூடிக்கிட்டும் போடுவேன். அதுதான் அன்னிக்கு வினையாப் போச்சு.

எங்க ஆபீஸ்ல எனக்குப் பட்டப்பேரு சீஐடி அக்கா. நான் எதையும் நம்பமாட்டேன், நெசந்தான். அதுக்குக் காரணம் இருக்கு. நான் பொறந்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துல, மேக்கணக்குன்னு சொல்ற மேல் பிரிவுல, தொழிலாளிங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல. அந்தக் காலத்துல தோட்டத்துல ஒரு புள்ள பொறந்தா, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர்தான் பதிவுக்கு எழுதி அனுப்பணும். அவரு அனுப்புறது அவருக்கு ஒழிஞ்ச நாள்ல. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏத்துன அன்னிக்குத்தான் நான் பொறந்தேன்னு அம்மா சத்தியம் பண்ணிச் சொல்லுது. சர்டிபிகேட்டுல இருக்கிறது அதுக்குப் பதினோரு நாள் கழிச்சு ஒரு தேதி. அந்தப் பதினோரு நாளும் நான் எங்க இருந்தேனாம்? என் சொந்தப் பொறப்பப் பத்தியே கவர்மெண்டுத் தாள் பொய் சொல்லும்போது, மத்தத நான் எப்படி நம்புறது? அதனால எவ எந்தத் தாளக் கொண்டு வந்து நீட்டினாலும் முதல்ல திருப்பித்தான் பார்ப்பேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில பத்து மணி இருக்கும். ஈடீயூவுல, அதான் அவசர சிகிச்சை வார்டுல, டிக்கெட் எழுதுற புள்ள லீவு. அதனால என்னைய அங்க உக்கார வச்சுட்டாங்க. எனக்கு அந்த இடம் புடிக்காது. தாளோட பேசலாம், ஆளோட பேசுறது பெரும்பாடு.

ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. மூத்தவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். கையில ஒரு பேக்கும் ஒரு சுடுதண்ணி போத்தலும். இளையவ கையில துவாய்ல சுத்தின ஒரு பொம்பளப் புள்ள. பெரகலைக்குக் கீழ ஒரு தோட்டமாம். நேத்து விடியக்காலையில, தோட்டத்து லொறி வர்றதுக்குள்ள லயத்துலயே பொறந்துருச்சாம். "பால் குடிக்க மாட்டேங்குது மிஸ்"ன்னு இளையவ சொன்னா. துவாய விலக்கிப் பார்த்தேன். மூஞ்சி, நெஞ்சு, வயிறு, எல்லாம் மஞ்சள். நர்ஸ் மிஸ்ஸி புள்ளைய வாங்கிக்கிட்டு உள்ள ஓடினா. டாக்டரும் பின்னாலயே போனாங்க.

நான் கிளினிக் கார்ட வாங்கினேன். புள்ளத்தாச்சிங்களுக்கு மிட்வைஃப் மிஸ் குடுக்கிற கார்டு. அதப் பார்த்துத்தான் டிக்கெட்டுல எழுதணும். பொறந்த புள்ளைக்குன்னு தனியா ஒரு பேரும் கிடையாது. எங்க ஆளுங்க முப்பதாம் நாள் கும்பிட்டுத்தான் பேரு வைப்பாங்க. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில அது "இன்னாரோட பேபி". தாயோட பேரு, தாயோட நம்பரு, தாயோட ரத்தம். எல்லாம் தாயோடதுலதான் தொங்கும்.

கார்டுல வயசு முப்பத்திநாலு. மூணாவது புள்ள. நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால நிக்கிறவளுக்கு இருபது கூட இருக்காது. மூக்குத்திகூட நேத்துக் குத்தினாப்புல இருந்துச்சு.

"உன் வயசு என்னம்மா?"

"முப்பத்தி... முப்பத்திநாலு."

"எந்த வருசம் பொறந்த?"

அவ மூத்தவளப் பார்த்தா. மூத்தவ ஒரு வருசத்தச் சொன்னா, பட்டுன்னு, பரீட்சைக்குப் படிச்சுட்டு வந்தவளாட்டம்.

"நான் உங்களக் கேக்கல. இவளக் கேட்டேன். மூத்த புள்ள எத்தனையாம் வகுப்பும்மா?"

"ஆறு"ன்னா மூத்தவ.

"மறுபடியும் நீங்களா? அவளுக்கு வாயில்லையா?"

இளையவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆஹா, புடிச்சுட்டேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நெசம் அதுதான். அந்தக் குஷியோட டிக்கெட்ட நிரப்பினேன். பேரு கார்டுல உள்ளபடி. பொறந்த இடம், ஆஸ்பத்திரிக்கு வெளிய. தாயோட ரத்தம், கார்டுல உள்ளபடி பி பாசிட்டிவ். வருத்தம்னு இருந்த இடத்துல மஞ்சள்னு எழுதி, ஓரத்துல பென்சில்ல பி ஐம்பத்தொம்பது போட்டேன். பிறகு டிக்கெட்ட உள்ள குடுத்துட்டு நேரா எங்க ரெக்கார்ட் ரூமுக்குப் போனேன்.

முதல் ரெண்டு புள்ளையும் எங்க ஆஸ்பத்திரியிலதான் பொறந்ததுன்னு கார்டுல இருந்துச்சே. பழைய டிக்கெட் இல்லாமப் போகுமா? பழைய டிக்கெட் அடுக்குற ராக்கைத் தட்டுல ஏறி, தூசியத் தட்டி, தும்மித் தும்மித் தேடி எடுத்தேன். எடுத்துப் பார்த்தா, ரெண்டு புள்ளையும் வயித்தக் கீறி எடுத்தது. ரெண்டு தடவ ஆபரேசன் பண்ணினவளுக்கு மூணாவது மட்டும் லயத்துல, லொறி வர்றதுக்குள்ள தானாப் பொறந்துருச்சாமா? பொறந்த மறுநாளே அவ எழும்பி பஸ் ஏறி வந்துட்டாளாமா? யாருகிட்ட கதை விடுறீங்க?

அந்தக் கார்டு இவளோடது இல்லன்னு எனக்கு முடிவாயிருச்சு. கார்டு இவளோடது இல்லன்னா புள்ளையும் இவளோடது இல்லன்னு என் புத்தி ஒரே எட்டுல தாண்டிருச்சு. தோட்டத்துப் பக்கம் அப்பப்போ ஒரு கதை கிளம்பும். புள்ள இல்லாதவங்க ஆள் வச்சு வாங்கிட்டுப் போறாங்க, அடுத்தவ கார்டுல பதிஞ்சு கொண்டு போயிடுறாங்கன்னு. யாரும் கண்ணால பார்த்ததில்ல. ஆனா நான் நம்பினேன். எதையும் நம்பாதவ அத மட்டும் நம்பினேன் பாருங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பொலிஸ் காவல் அறை இருக்கு. கான்ஸ்டபிள் அப்பத்தான் சோத்துப் பார்சலப் பிரிச்சு, பருப்ப ஒரு பக்கம் ஒதுக்கிக்கிட்டு இருந்தாரு. நான் சிங்களத்துல சொன்னேன், இந்த மாதிரி, புள்ள திருட்டு மாதிரி இருக்கு, வந்து பாருங்கன்னு. "அஞ்சு நிமிசம், அக்கே"ன்னாரு. நான் விடல. வாசல்ல நின்னு, ஈடீயூ பக்கம் கைய நீட்டி நீட்டிக் காட்டி, எந்தக் கட்டில்னு வெளங்கப்படுத்தினேன். அந்த நீட்டின கைய யாரெல்லாம் பார்த்தாங்கன்னு நான் பார்க்கல.

திரும்பி உள்ள வந்தா, டாக்டர் என்னையத் தேடிக்கிட்டு நின்னாங்க. யாழ்ப்பாணத்துப் புள்ள. சின்ன வயசு, ஆனா நிதானம். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்ல.

"அக்கா, உந்தப் பிள்ளைக்கு மஞ்சள் கூடிக்கொண்டு போகுது. நேற்றே, பிறந்த முதல் நாளே மஞ்சள் தொடங்கினதாம். அது நல்லதில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் ஒத்து வராட்டில்தான் இப்பிடி வரும். ஆனா பிள்ளையும் பி, தாயும் பி எண்டு நீங்கள் எழுதியிருக்கிறியள். அப்ப அதில்லை. வேற என்னெண்டுதான் யோசிக்கிறன்."

நான் டிக்கெட்ட வாங்கிப் பார்த்தேன்.

நான்தான் எழுதினேன். அந்த பி பாசிட்டிவ் என் கையெழுத்து. பொய்க் கார்டுன்னு சந்தேகப்பட்டேன், வயசு பொய், பொறந்த வருசம் பொய்னு ஒண்ணு ஒண்ணாப் புடிச்சேன். அதே கார்டுலேருந்து ரத்தத்த மட்டும் அப்படியே எடுத்து எழுதி வச்சிருக்கேன். அடி பாவி! பேரு அடுத்தவளோடதுன்னா ரத்தமும் அடுத்தவளோடதுதானேன்னு அந்த நேரம் என் மண்டையில ஏறலையே.

"மிஸ், அந்தக் கார்டு அவளோடது இல்ல"ன்னேன். "அந்த ரத்தம் பொய். நான்தான் பார்க்காம எழுதிட்டேன்."

"அப்ப தாயைக் கூப்பிடுங்கோ, உடன ரத்தம் எடுப்பம்"னு டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினாங்க. கட்டில் காலி. புள்ளைய வச்சிருந்த லைட் மட்டும் நீலமா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மிஸ்ஸி ஊசி எடுக்க அடுத்த ரூமுக்குப் போன ஒரு நிமிசத்துல தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் கையக் காட்டினத அந்த மூத்தவ ஜன்னல்லேருந்து பார்த்திருக்கா.

"இன்னும் சில மணித்தியாலம்தான் அக்கா. மஞ்சள் மூளைக்கு ஏறிச்செண்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது"ன்னாங்க டாக்டர். அப்பவும் சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ஓடினேன். எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, முழங்கால் வலி வேற. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஆஸ்பத்திரி ரோட்டுல இறங்கி ஓடினேன். மரக்கறிக் கடைக்காரன் "என்னக்கா, தீயா?"ன்னான். பஸ் ஸ்டாண்டுல ஹல்துமுல்லை பஸ் ஸ்டார்ட் பண்ணி நின்னுச்சு. கண்டக்டர் "ஹப்புத்தல, பெரகல, ஹல்துமுல்ல"ன்னு கத்திக்கிட்டு இருந்தான். ஏறிப் பார்த்தேன். கடைசி சீட்டுக்கு முன்னால ரெண்டு பேரும். புள்ளைய முந்தானைக்குள்ள மறைச்சு வச்சிருந்தா இளையவ.

என்னையப் பார்த்ததும் மூத்தவ எழும்பி வழிய மறிச்சா. "கிட்ட வராதீங்க. பொலிசக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"வரல. நான் மட்டும்தான் வந்தேன்."

"கூப்பிட்டீங்கதானே? நான் பார்த்தேன்."

"ஆமா, கூப்பிட்டேன். தப்பு என் மேல. நான் என்னமோ நெனச்சுட்டேன். இப்ப அது இல்ல பிரச்சன. இந்தப் புள்ளையோட அம்மா யாரு? நெசத்தச் சொல்லுங்க. அவ ரத்தத்தப் பார்க்காம டாக்டரால ஒண்ணும் செய்ய முடியாது."

"சொன்னா புடிச்சுக் குடுப்பீங்க. ஆபீஸ்காரங்க எல்லாரும் ஒரே ரகம்தான்."

"நான் ஆபீஸ்காரியாப் பொறக்கல. நானும் லயத்துல பொறந்தவதான்."

அவ சிரிச்சா. சிரிப்பா அது? "எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவீங்க. எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"மேக்கணக்கா, கீக்கணக்கா?"

"மேக்கணக்கு."

"புள்ளக்காம்பரா எங்க இருந்துச்சு?"

புள்ளைங்கள விட்டுட்டு அம்மாமாருங்க கொழுந்து பறிக்கப் போற கொட்டகை அது. நான் நாலு வயசு வரைக்கும் கிடந்த இடம். "கோயிலுக்குக் கீழ, தண்ணி புடிக்கிற பீலிக்குப் பக்கத்துல"ன்னேன்.

"அந்தப் பீலியில இப்பத் தண்ணி வருதா?"

கண்டக்டர் டபார்னு பஸ்ஸ ஒரு தட்டு தட்டினான். பஸ் குலுங்குச்சு. வாழ்க்கை பூரா மத்தவங்கள நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ நான். என்னைய ஒருத்தி நடு பஸ்ஸுல நிக்க வச்சுக் கேக்குறா. வருதுன்னு சொல்லிடலாமான்னு பார்த்தேன். வாய் வரல.

"தெரியாது. அம்மாவ இங்க கூட்டிட்டு வந்ததுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போயே ஏழு வருசமாச்சு."

அவ என்னைய உத்துப் பார்த்தா. "அப்ப நெசம்தான். பொய் சொல்றவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்"ன்னா. ஆனாலும் வழிய விடல.

அப்பத்தான் இளையவ முதல் தடவையா அவளாவே பேசினா. "அக்கா, புள்ள அழக்கூட மாட்டேங்குது"ன்னா. முந்தானைய விலக்கினா. மூத்தவ குனிஞ்சு பார்த்தா, கையால மெதுவா உள்ளங்கால சுரண்டிப் பார்த்தா. புள்ள கால இழுக்கல. இளையவ எழும்பி, அக்காவத் தள்ளிக்கிட்டு என்கிட்ட வந்தா. "நான்தான் மிஸ் பெத்தேன். என் ரத்தத்த எடுத்துக்கங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

கண்டக்டர்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அவனே பஸ்ஸ நிப்பாட்டி, ஒரு த்ரீவீல்காரனக் கைதட்டிக் கூப்பிட்டு ஏத்திவிட்டான். த்ரீவீலுக்குள்ள வச்சுத்தான் முழுக்கதையும் கேட்டேன். இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. இளையவ பொறந்த வருசம் தோட்டம் கை மாறுச்சாம். பழைய கிளாக்கர் போயிட்டாரு, புது கிளாக்கர் வரல. இவ பொறப்ப யாரும் எழுதி அனுப்பல. அம்மாவும் செத்துப்போச்சு. பத்து வயசுல கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடம் போகல. சர்டிபிகேட் இல்ல, அடையாள அட்டை இல்ல. போன வருசம் திரும்பி வந்து, தோட்டத்துப் பையன் ஒருத்தனக் கோயில்ல வச்சுக் கல்யாணம் கட்டிக்கிட்டா. புள்ள தங்கினதும் எல்லாருக்கும் பயம் வந்துருச்சு.

"அடையாள அட்டை இல்லாதவ பெத்தா புள்ளைக்குப் பேப்பர் குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க மிஸ்"ன்னா மூத்தவ. "இவள மாதிரியே அதுவும் ஒண்ணுமில்லாமப் போயிரும்னு."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

மூத்தவளுக்கு எல்லாப் பேப்பரும் இருக்கு. அதனால அவ பேருலயே கிளினிக் கார்டு போட்டுக்கிட்டாங்க. புது மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ரெண்டு பேரையும் அடையாளம் தெரியாது. மூத்தவளோட பழைய கார்டக் காட்டவும், ரத்தம் எல்லாம் முந்தியே பார்த்திருக்குன்னு அதுல உள்ளத அப்படியே எடுத்து எழுதியிருக்காங்க. புள்ளைய அக்கா பேருல பதிஞ்சு, அக்கா புள்ளையா வளர்த்து, பள்ளிக்கூடம் அனுப்பிடலாம்னு திட்டம். நேத்தே வராததுக்குக் காரணமும் அதுதான். ஆஸ்பத்திரியில கேள்வி கேப்பாங்கன்னு. அவங்க பயந்தது சரி. கேள்வி கேக்கிறதுக்குன்னே நான் ஒருத்தி உக்காந்திருந்தேனே.

ஈடீயூ வாசல்ல கான்ஸ்டபிள் வாயத் துடைச்சுக்கிட்டு நின்னாரு. "எங்க அக்கே, கள்ளன்?"ன்னாரு. "கள்ளன் இல்ல. நான் பொய்யா உங்கள இழுத்தடிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க"ன்னேன். சோறு ஆறிப்போச்சுன்னு முணுமுணுத்துக்கிட்டே போனாரு.

ரத்தம் எடுத்தாங்க. பதினஞ்சு நிமிசத்துல ரிப்போர்ட் வந்துச்சு. இளையவ ரத்தம் ஓ. புள்ள ரத்தம் பி. "இதுதான் அக்கா"ன்னாங்க டாக்டர். தாயோட உடம்புலேருந்து போனது ஒண்ணு, புள்ளையோட ரத்தத்த உடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. ரத்தம் மாத்த வேண்டி வரலாம், பதுளைக்கு அனுப்பணும், ஆம்புலன்ஸ் சொல்லுங்கன்னாங்க. அம்மாவும் பி, புள்ளையும் பின்னு நெனச்சு பி ரத்தம் ஏத்தியிருந்தா அதையும் சேர்த்து உடைச்சிருக்கும்னு சொன்னாங்க. ரத்த வங்கியில எப்படியும் கண்டுபுடிச்சு நிப்பாட்டியிருப்பாங்களாம். ஆனா அதுக்குள்ள நேரம் போயிருக்கும். எனக்கு என் மேலயே வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. அந்த டிக்கெட்டுல நான் எழுதினத பேனாவால குறுக்க அடிச்சேன். பி ஐம்பத்தொம்பதையும் அழிச்சேன். அதுக்கு வேற நம்பர் இருக்கு, பி ஐம்பத்தஞ்சு, புள்ளி ஒண்ணு.

இப்பத்தான் பெரிய சண்டை. புள்ளை பதுளைக்குப் போகணும்னா கூடவே ஒரு கடிதம் போகணும், தாயோட ரத்தம் எடுத்த சின்னப் போத்தல் போகணும், புள்ளை கால்ல ஒரு பட்டி கட்டணும். மூணுலயும் தாயோட பேரு ஒண்ணா இருக்கணும். மூத்தவ என் கையப் புடிச்சுக்கிட்டா.

"மிஸ், ரத்தம்தான் இப்பத் தெரிஞ்சிருச்சே. பேரு மட்டும் என் பேராவே இருக்கட்டும். உங்கள கும்பிடுறேன். இவ பேரப் போட்டா இந்தப் புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணும் கிடைக்காது."

அவ சொல்றதுல பாதி பொய், பாதி நெசம். சட்டப்படி அம்மாவுக்கு அட்டை இல்லன்னாலும் புள்ளையப் பதியலாம். ஆனா எத்தன ஆபீஸ் ஏறணும், எத்தன பேரு "நாளைக்கு வா"ம்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானே பல பேர அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன். என் பொறப்பு பதினோரு நாள் லேட்டா எழுதினதுக்கே நாப்பத்தஞ்சு வருசமா முறைச்சுக்கிட்டுத் திரியிறேன். இவள பத்தொம்பது வருசமா யாரும் எழுதவே இல்ல.

நான் இளையவகிட்டத் திரும்பினேன். "உன் புள்ள. நீ சொல்லு. யாரு பேரு?"

அவ அக்காவப் பார்த்தா. காலையிலேருந்து எத்தன தடவ அப்படிப் பார்த்தாளோ. பிறகு லைட்டுக்குக் கீழ கிடந்த புள்ளையப் பார்த்தா. "அக்கா பேரப் பார்த்துட்டு பதுளையில தப்பான ரத்தத்தப் போட்டுட்டா? என் பேரே இருக்கட்டும்"ன்னா.

மூத்தவ பெஞ்சுல உக்காந்து வாய்விட்டு அழுதா. நான் எழுதினேன். டிக்கெட்டுல, கடிதத்துல, போத்தல்ல. கடைசியா கால் பட்டியில "இன்னாரோட பேபி"ன்னு எழுதி, தாயோட ரத்தம் ஓன்னு போட்டேன். இளையவ எட்டிப் பார்த்தா. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும் அவளுக்கு.

"இதா மிஸ் என் பேரு?"

"ஆமா."

"அழிச்சுற மாட்டீங்கதானே?"

காலையில நான் அவளப் பார்த்த பார்வைய அப்படியே எனக்குத் திருப்பிக் குடுத்தா. நான் பேனாவ எடுத்து, அதே எழுத்து மேல இன்னொரு தடவ அழுத்தி எழுதினேன். அதுக்கு மேல ஒரு பிளாஸ்டர் ஒட்டினேன். அதுக்கப்புறம்தான் கட்ட விட்டா.

ஆம்புலன்ஸ் போச்சு. மூத்தவ கேட்டுல நின்னு, வளைவு திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தா.

ஒரு வாரம் கழிச்சு மாசக் கணக்குத் தாளக் குடுக்கப் பதுளைக்குப் போனேன். அது ஒரு சாக்கு. நேரா வார்டுக்குத்தான் போனேன். படியேறும்போதே சந்தேகம், புள்ள இருக்குமோ இருக்காதோன்னு. யாருகிட்டயும் கேக்காம ஒவ்வொரு கட்டிலாப் பார்த்துக்கிட்டே போனேன். அவ ஜன்னலோரம் உக்காந்து பால் குடுத்துக்கிட்டு இருந்தா. புள்ளைக்கு மஞ்சள் போயி, நல்ல செவப்பா, உர்ருன்னு ஒரு மூஞ்சி. என்னையக் கண்டதும் அவ சிரிச்சா. எனக்கு அழுகை வந்துருச்சு. வார்டுன்னுகூட பார்க்கல.

ரெண்டு தடவ ரத்தம் மாத்தினாங்களாம். காது கேக்குது, கண்ணு பார்க்குதுன்னு டாக்டர் சொல்லியாச்சாம். அன்னிக்கே வீட்டுக்கு விடுறாங்களாம். நான் கையோட ஒரு ஃபோரம் கொண்டு போயிருந்தேன், இத்தன வருசம் கழிச்சு ஒரு பொறப்பப் பதியிறதுக்கு உண்டான ஃபோரம். முதல்ல இவ பொறப்பு, பிறகுதான் புள்ளையோடது. அத அவகிட்ட நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தா, பின்னால என்ன எழுதியிருக்குன்னு. இப்ப அந்த ஃபோரம் மூணாவது ஆபீஸ்ல கிடக்கு. வாரம் ஒரு தடவ நான் போயி அவங்களக் கேள்வி கேட்டுட்டு வாறேன். என்னையக் கண்டாலே அங்க இருக்கிற கிளாக்கர் மூஞ்சியத் திருப்பிக்கிறான். விடுவேனா நான்?

அன்னிக்கு வார்டுல நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே மிஸ்ஸி ஒருத்தி கத்தரிக்கோலோட வந்தா. வீட்டுக்குப் போற புள்ளைங்களோட கால் பட்டிய வெட்டி எடுக்கிறது வழக்கம். கால நீட்டச் சொன்னா. இவ புள்ளையோட கால இழுத்து முந்தானைக்குள்ள பொத்திக்கிட்டா.

"வெட்டாதீங்க மிஸ்ஸி. என் பேரு எழுதின பேப்பர்னு என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

மிஸ்ஸிக்கு ஒண்ணும் வெளங்கல, என்னையப் பார்த்தா. இருக்கட்டும் விடுங்கன்னு நான் சொன்னேன்.